ஒரு முழக் கோடு

ஒரு புத்தகம் நல்லதா இல்லையா என்று கண்டுபிடிக்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. அதை வெளியில் சொன்னால் என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொள்ளட்டும்.

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. இரண்டை அவர் பார்க்கிறார், இரண்டை நான் பார்க்கிறேன். நெய்வது பருத்திச் சேலை. தறி ஓட ஆரம்பித்துவிட்டால் கைக்கு அவ்வளவாக வேலை இல்லை, கண்ணுக்குத்தான் வேலை. நீளவாக்கில் ஓடுகிற நூலைப் பாவு என்போம். அதில் ஓர் இழை அறுந்தால் எங்கள் பழைய தறி தானாக நிற்காது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருக்கிற ஆள்தான் பார்த்து, நிறுத்தி, அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். பார்க்கத் தவறினால் சேலையில் மெல்லிசாக ஒரு கோடு விழும். எவ்வளவு நேரம் பார்க்காமல் இருக்கிறோமோ அவ்வளவு நீளக் கோடு.

நான் தறிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு, மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு படிக்கிறவள். இரண்டு வரி படிப்பேன், நிமிர்ந்து பாவைப் பார்ப்பேன், மறுபடி இரண்டு வரி. புத்தகம் சுமார் என்றால் இழை அறுந்த உடனே கண்ணில் பட்டுவிடும். கொஞ்சம் நன்றாக இருந்தால் நான்கு விரற்கடைக்குக் கோடு போய்விடும். நல்ல புத்தகம் என்றால் ஒரு சாண். ஒரு முழம் விழுந்தால் பத்து நிமிடம் நான் தலையையே தூக்கவில்லை என்று அர்த்தம். அந்த மாதிரிப் புத்தகம் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். எழுதியவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அதற்கு முன்னால் வீட்டுக்காரரைச் சமாளிக்க வேண்டும்.

சேலைகளை மடிக்கிறவர் அவர்தான். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஓட்டிப் பார்ப்பார். தறிச் சத்தத்தில் கூப்பிட்டால் காதில் விழாது என்பதால், கோட்டை அளந்துவிட்டு அந்த நீளத்தைத் தூரத்திலிருந்தே கையால் எனக்குக் காட்டுவார். சாண் என்றால் முகம் சுளித்திருக்கும். முழம் என்றால் தறியை நிறுத்திவிட்டே வந்துவிடுவார்.

“இந்தா, நீ நெய்யுறியா, இல்ல பரிச்சைக்குப் படிக்கிறியா?”

“ரெண்டுந்தான். ஆகாதுன்னா என் ரெண்டு தறியையும் நீங்களே பாத்துக்கங்க.”

“வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல.”

அதோடு முடிந்துவிடும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் புத்தகத்தைப் பிடுங்கி வைத்தவர் இல்லை. அதற்காகவே அவர் திட்டுகிற திட்டையெல்லாம் வாங்கிக்கொள்ளலாம்.

புத்தகம் தேடுவதற்கும் எனக்கு ஒரு முறை உண்டு. பின்னட்டையை நம்ப மாட்டேன். ‘தமிழில் இதுவரை வராத’ என்று போட்டிருப்பார்கள். வந்ததாக இருந்தால் எதற்கப்பா மறுபடி அச்சடிக்கிறீர்கள் என்று எனக்கு எரிச்சல் வரும். முன்னுரையைத் தொடவே மாட்டேன். செல்போனில் புத்தகம் பற்றிப் பேசுகிறவர்கள் சொல்வதைக் கேட்பேன், ஆனால் ஒருவர் தூக்கிப் பிடித்ததையே மற்ற பத்துப் பேரும் தூக்கிப் பிடிப்பதால் அதில் பாதியைக் கழித்துவிடுவேன். எங்கள் ஊர் நூலகத்தில் புதுவரவு என்று ஓர் அலமாரி இருக்கிறது. அதன் முன்னால் நின்று, நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்துப் படிப்பேன். எழுதியவர் தான் எவ்வளவு நல்லவர் என்று சொல்லிக்கொண்டிருந்தால் மூடி வைத்துவிடுவேன். அப்படி மூடி வைத்ததில் முக்கால்வாசி தன்வரலாறுதான்.

இப்படித் தேடி எடுத்தாலும் தறியில் வைத்துப் பார்க்கும்வரை எதுவும் நிச்சயம் இல்லை. கண்மாயும் மடையும் கலிங்கும் பற்றி ஒரு பொறியாளர் எழுதிய தடிப் புத்தகத்தைத் தூக்க மாத்திரை என்று நினைத்து எடுத்து வந்தேன். எங்கள் பக்கத்து வானம் பார்த்த பூமியில் ஒரு சொட்டு மழையை எங்கே நிறுத்தி எங்கே திருப்பினார்கள் என்று அந்த மனிதர் சொல்லச் சொல்ல, இரண்டு சேலையில் சாண் சாணாகக் கோடு. ஊரே கொண்டாடிய ஒரு நாவல், எண்ணூறு பக்கம், அதற்கு ஒரு விரற்கடைகூட விழவில்லை. அந்தப் பதினைந்து நாளும் நெய்த சேலைகள் கண்ணாடி மாதிரி இருந்தன. என் வீட்டுக்காரர் மடித்துப் பார்த்துவிட்டு, “இந்த மாதிரி நல்ல புத்தகமாப் பாத்து எடுத்துட்டு வா” என்றார்.

கோடு விழுந்த சேலையைக் கடைக்காரர் எடுக்க மாட்டார். அதற்கென்றே எங்களிடம் வருகிறவர் ஒருவர் உண்டு. வீரசோழனிலிருந்து வருகிற ஓர் அம்மாள். பையில் சேலைகளை எடுத்துக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்களில் வீடு வீடாகப் போய் விற்கிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

லாத்தா வருவது மாதம் ஒரு முறை, கரண்டு நிறுத்துகிற நாளில். பராமரிப்பு வேலைக்காகக் காலையிலிருந்து சாயங்காலம்வரை மின்சாரம் இருக்காது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அன்றைக்கு எங்கள் தெரு முழுக்கத் தறி ஓயும். மனிதர்கள் பேசுவது காதில் விழுகிற நாள் அது ஒன்றுதான். முதல் தடவை வந்தபோது ஒரு சேலையில் கோட்டைப் பார்த்துவிட்டு, “என்ன புள்ள இது, ஒரு சாணுக்குப் போயிருக்கு? தூங்கிட்டியா?” என்று கேட்டார்.

“தூங்கல லாத்தா. படிச்சிட்டு இருந்தேன்.”

லாத்தா சிரித்தார். சேலையை மடித்துப் பையில் வைத்தார். அப்புறம் கையை நீட்டினார்.

“அப்ப அந்தப் புத்தகத்தக் குடு.”

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். கோட்டின் நீளத்தைப் பார்த்துப் புத்தகம் கேட்பார். விரற்கடைக் கோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தால், “இது கெடக்கட்டும், சாண் இல்லியா?” என்பார். படித்தது ஐந்தாம் வகுப்புவரைதான். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கு ஒரு வரியும் தப்பாது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எந்தச் சேலையைக் கையில் எடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். “சுத்தப் பருத்தி” என்பார், இல்லாவிட்டால் “கலப்படம்” என்பார். தப்பாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. அவர் வீட்டுக்காரர் சவுதியில் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு கம்பெனியில் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார். பாலியெஸ்டர் மேலில் பட்டால் அவருக்குத் தடித்து வீங்கிவிடுமாம். ஊரிலிருந்து அங்கே போகிறவர்கள் யார் இருந்தாலும் அவர்கள் கையில் பருத்திக் கைலியும் துண்டும் கொடுத்து அனுப்பிக்கொண்டே இருப்பார் லாத்தா. “அங்கன கெடைக்கிறத நம்ப முடியாது தங்கச்சி” என்பார்.

போன வருஷம் ஐப்பசியில் அவர் வீட்டுக்காரர் அங்கே தங்கியிருந்த இடத்தில் தூக்கத்திலேயே இறந்துபோனார். கொண்டுவர வழியில்லாமல் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். எனக்குச் செய்தி வந்து நான் வீரசோழன் போனபோது லாத்தா உள் அறையில் பாயில் உட்கார்ந்திருந்தார். நான் கையைப் பிடித்து ஓவென்று அழுதேன். அவர் அழவில்லை.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சிச்சாம்” என்றார்.

யாரோ சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்கிற மாதிரி இருந்தது. “கூட இருந்தவுக போன்ல சொன்னாக. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிச்சாம்” என்று மறுபடி சொன்னார். விரல்கள் முந்தானை ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தன.

வாசலுக்கு வந்ததும் அவருடைய நாத்தனார் என் காதில் கிசுகிசுத்தார். “ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. எல்லாரும் சபூரா இரு, பொறுமையா இருன்னு சொல்லிச் சொல்லி, இவுக கல்லு மாதிரி ஆயிட்டாக. எனக்குப் பயமா இருக்கு.”

அவர்கள் வழக்கப்படி கணவனை இழந்த பெண்கள் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருப்பார்கள். இத்தா என்று பெயர். ஊர் ஊராகப் பஸ் ஏறித் திரிந்த மனுஷி, நான்கு சுவருக்குள். நான் கிளம்பும்போது கூப்பிட்டார்.

“நாலு மாசம் பத்து நாளு, தங்கச்சி. எனக்குப் புத்தகம் அனுப்பிட்டே இரு. இல்லாட்டிக் கிறுக்குப் பிடிச்சிரும்.”

“நான் அனுப்புறேன் லாத்தா. ஒரு நாளு நிக்காது” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கொடுத்த பிறகுதான் அதில் இருக்கிற கஷ்டம் தெரிந்தது. வெளிநாடு போகிற ஆள் இருக்கிற புத்தகம் கூடாது. புருஷன் சாகிற புத்தகம் கூடாது. பொதுவாகவே சாவு கூடாது. இந்த மூன்றையும் கழித்துவிட்டு அலமாரியைப் பார்த்தால் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை! இந்த எழுத்தாளர்களுக்கெல்லாம் யாரையாவது கொல்லாமல் ஒரு நாவலை முடிக்கத் தெரியாதா? ஒருவர் முதல் பக்கத்திலேயே ஆரம்பித்துவிடுகிறார். இன்னொருவர் நானூறு பக்கம் நன்றாக வாழவைத்துவிட்டுக் கடைசியில் கழுத்தை அறுக்கிறார். அவ்வளவு நாளும் நான் இதைக் கவனித்ததே இல்லை. நூலகர் அம்மாவிடம் போய், “யாருமே சாகாத புத்தகமா ஒண்ணு குடுங்க” என்று கேட்டேன். அந்த அம்மா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒரு சமையல் குறிப்புப் புத்தகத்தை நீட்டினார்.

எப்படியோ தேடித் தேடி அனுப்பினேன். எங்கள் பக்கத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எதை அனுப்புவதாக இருந்தாலும் பஸ்ஸில்தான் கொடுத்து விடுவோம். மருந்து, பூ, மறந்துவிட்டுப் போன கண்ணாடி, எல்லாம். பிரௌன் தாளில் சுற்றி, ஊர்ப் பெயர் எழுதிக் கண்டக்டர் கையில் கொடுத்தால், அந்தப் பக்கம் லாத்தாவின் நாத்தனார் நிறுத்தத்தில் நின்று வாங்கிக்கொள்வார். லாரி ஓட்டிய ஒரு பெண்ணின் தன்வரலாறு போனது. பறவைகளைத் தேடிக் கரட்டுக் காட்டில் திரிந்த ஒருவரின் புத்தகம் போனது. ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டே வாழ்கிற மூன்று மருமகள்களின் நாவல் போனது.

லாத்தா படித்துவிட்டுப் போனில் பேசிப் பதிந்து அனுப்புவார். லாரிக்காரப் புத்தகத்துக்கு, “நல்ல தைரியசாலி. ஆனா ரொம்பப் பீத்துறா” என்றார். மருமகள் நாவலுக்கு, “இதுல மூணாவது மருமக நீதான்” என்றார். தேனீக்களைப் பற்றிய புத்தகத்தை நான் பெருமையோடு அனுப்பியிருந்தேன். யாரும் சாக முடியாத புத்தகம் என்று எனக்கு நம்பிக்கை. அதற்குப் பதில் இப்படி வந்தது:

“தேனீப் புத்தகம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆம்பளத் தேனீ செத்துப்போகுது தங்கச்சி.”

அட, என் புத்தியைச் செருப்பால் அடிக்க!

அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. “வந்திருச்சு” என்று மட்டும் சொல்வார். பிறகு அதுவும் இல்லை. இரண்டு மாதம் முடிகிற சமயம் அவர் நாத்தனார் போன் செய்தார். இரண்டு நாளாக டீயைத் தவிர எதுவும் இறங்கவில்லை, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறார் என்றார். நான் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான். அதிலும் தோற்றுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம்தான் புதுவரவு அலமாரியில் அந்தப் புத்தகம் கிடைத்தது. கல்யாண வீடுகளில் பிரியாணி ஆக்கிய ஒரு சமையல்காரர் எழுதிய தன்வரலாறு. அட்டையில் ஒரு பெரிய கரண்டி, அவ்வளவுதான். பின்னட்டையில் யாரும் புகழவில்லை. நடுவில் பிரித்தேன். அடுப்புப் புகையில் தாலி கட்டிய நேரத்தைத் தவறவிட்ட மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி இருந்தது. நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன்.

மறுநாள் தறியில் வைத்துப் படித்தேன். சமையல்காரரும், அவரோடு வருஷக்கணக்காக வெங்காயம் நறுக்கிய கூட்டாளியும் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார்கள். சொன்னதைப்போல இரண்டு மடங்கு கூட்டம் வந்து நிற்கிறது. பந்தியில் உட்கார்ந்தவர்களை எழுந்திருக்க விடாமல் கூட்டாளி கதை சொல்லிக்கொண்டே இருக்க, பின்கட்டில் இவர் மறுபடி உலை வைக்கிறார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நிமிர்ந்தபோது எதிரில் வீட்டுக்காரர் நின்றார். தறியைக் காட்டினார். வெளிர் நீலச் சேலையில், முழங்கையிலிருந்து விரல் நுனிவரை, அச்சாக ஒரு முழம்.

“இன்னைக்கு என்ன சொல்லப் போற?” என்றார்.

“இத லாத்தா படிச்சாச் சிரிச்சிருவாக. கண்டிப்பாச் சிரிச்சிருவாக” என்றேன்.

அவர் போய்த் தறியை நிறுத்தினார். நான் அப்படியே எழுந்து தாளில் சுற்றி, ஓட்டமும் நடையுமாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கண்டக்டரிடம் கொடுத்தேன். புத்தகத்தில் பாதிதான் படித்திருந்தேன். முழுதாகப் படிக்காத புத்தகத்தை அதற்கு முன் நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

ஐந்து நாள் கழித்து அடுத்த புத்தகம் எடுக்க நூலகம் போனேன். நூலகர் அம்மா என்னைப் பார்த்ததும், “அந்தச் சமையல்காரர் புத்தகம் படிச்சு முடிச்சுட்டீகளா? நான் அழுதுட்டேங்க” என்றார்.

“அழுதீகளா? அது சிரிக்கிற புத்தகமாச்சே.”

“ரெண்டாவது பாதியில ரெண்டு பேரும் சவுதிக்குச் சமைக்கப் போவாகல்ல. அங்கன அந்தக் கூட்டாளி தூக்கத்துலயே செத்துப்போயிருவாரே. இவரே குளிப்பாட்டி, அங்கனயே அடக்கம் பண்ணுவாரே. அந்த எடம் வந்ததும் என்னால தாங்க முடியல.”

சவுதி. தூக்கத்தில். அங்கேயே அடக்கம். உலகத்தில் இத்தனை புத்தகம் இருக்க, நான் தேடிப் பிடித்து, ஓடிப்போய், என் கையாலேயே பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

நூலக வாசலில் நின்று லாத்தாவுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். நாத்தனாருக்குப் போட்டால் மணி அடித்து அடித்து நின்றது. வீட்டுக்கு ஓடி வந்து, தறிச் சத்தத்துக்கு மேலே கத்தி வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் போய் என் இரண்டு தறிகளையும் நிறுத்திவிட்டு வந்தார்.

“நிக்காத. பஸ்ஸு இருக்கு, போ” என்றார்.

அவ்வளவு மெதுவாக அந்த பஸ் போய் நான் பார்த்ததில்லை. திருச்சுழியில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு போயிருப்பேன். வழியெல்லாம் கருவேலமும் காய்ந்த வயலும். இன்னும் பாதிக்கு வந்திருக்க மாட்டார், மெதுவாகப் படிக்கிறவர்தானே, எழுத்துக்கூட்டித்தானே படிப்பார் என்று நினைத்துக்கொண்டே போனேன். கல்யாணப் பந்தியிலேயே நின்றிருக்கட்டும் என்று எங்கள் காளியம்மனை வேண்டிக்கொண்டேன்.

கதவைத் திறந்த நாத்தனாரிடம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனேன். லாத்தா பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். மடியில் அந்தப் புத்தகம். பாதியைத் தாண்டிய இடத்தில் விரலை வைத்து மூடியிருந்தார்.

“லாத்தா, அதக் குடுங்க. தப்பாக் குடுத்துட்டேன். நான் முழுசாப் படிக்கல. சத்தியமா எனக்குத் தெரியாது” என்று சொல்லிக் கையை நீட்டினேன்.

அவர் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“காலையில கூட்டாளி எந்திரிக்கலன்னு சமையக்காரரு தொட்டுப் பாக்காரு. அது வரைக்கும் படிச்சிட்டேன்” என்றார். “ரெண்டு நாளா அந்தப் பக்கத்துலயே நிக்கேன். அதுக்கு மேல தனியாப் படிக்க முடியல. நீ வருவேன்னு இருந்தேன். படி.”

“வேணாம் லாத்தா.”

“படி புள்ள.”

நான் படித்தேன். அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கும் முழுதாகத் தெரியாது. எனக்குச் சத்தமாகத்தான் பேச வரும், தறிக்காரி தொண்டை. நாலு வரி போனதும் நாத்தனார் எட்டிப் பார்த்து, “தெருவுக்கே கேக்குது” என்றார். லாத்தா, “கேட்டுட்டுப் போகட்டும், நீ படி” என்றார்.

அந்தச் சமையல்காரர் எதையும் பூசி மெழுகவில்லை. கூட்டாளியை எந்த வண்டியில் கொண்டுபோனார்கள், யார் யார் தூக்கினார்கள் என்று எழுதியிருந்தார். தூக்கியதில் பாதிப் பேருக்குக் கூட்டாளியின் பெயர்கூடத் தெரியாது, வேறு வேறு நாட்டு ஆட்கள், ஆனால் தோளை மாற்றிக்கொள்ளப் போட்டி போட்டார்கள் என்று எழுதியிருந்தார். குளிப்பாட்டுவதற்கு வைத்திருந்த தண்ணீரில் தன் முழங்கையை வைத்துப் பார்த்தாராம், சூடு பதமாக இருக்கிறதா என்று. அந்த இடத்தில் அலமாரி நிறைய, உடலைச் சுற்றுகிற வெள்ளைத் துணிக் கட்டுகள் அடுக்கி வைத்திருந்தார்களாம், வருகிற எல்லோருக்கும் அதே துணிதானாம். உடுத்துவதற்கு முன் அதன் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாராம், ஊரில் தாங்கள் கட்டுகிற வேட்டி மாதிரி மெல்லிய பருத்தி என்று எழுதியிருந்தார்.

“நிறுத்து” என்றார் லாத்தா.

நான் நிறுத்தினேன். பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“துணி என்னன்னு சொன்னாரு? இன்னொருக்காப் படி.”

படித்தேன்.

“எல்லாருக்கும் அதேதானா?”

“எல்லாருக்கும் அதே துணிதான்னு போட்டிருக்கு லாத்தா.”

“பருத்தியா?”

“பருத்தி.”

லாத்தா என் முழங்காலில் நெற்றியை வைத்துக் கவிழ்ந்துகொண்டார். இரண்டு மாதமாக வராத அழுகை வந்தது. குலுங்கிக் குலுங்கி, ஊடே ஊடே பேசினார். “பாலியெஸ்டரு பட்டா அவுகளுக்கு மேலெல்லாம் வெந்துபோகும் தங்கச்சி. எம்புட்டுக் கைலி அனுப்பியிருப்பேன். கடைசியா என்னத்தச் சுத்துனாகளோன்னு எனக்கு அதேதான். கண்ண மூடுனா அதேதான். போன்ல எல்லாம் நல்லபடியா முடிஞ்சிச்சுன்னாக. என்ன துணின்னு கேக்க வாய் வரல. புருசன் போயிட்டாரு, இவ துணியக் கேக்காளேன்னு நெனப்பாகல்ல?”

நாத்தனார் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். சாவு கூடாது, சவுதி கூடாது என்று பார்த்துப் பார்த்து ஒதுக்கி, அவருக்கு வேண்டியிருந்த ஒன்றை மட்டும் இரண்டு மாதம் அனுப்பாமல் வைத்திருந்திருக்கிறேன்.

ரொம்ப நேரம் கழித்து எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பசிக்குது” என்று நாத்தனாரிடம் சொன்னார். சோறும் புளிக்குழம்பும் வந்தது. சாப்பிடச் சாப்பிட மீதிப் பக்கங்களை நான் படித்தேன். கடைசி பஸ்ஸுக்கு நான் எழுந்தபோது கேட்டார்.

“இந்தப் புத்தகத்துக்கு எம்புட்டுக் கோடு விட்ட?”

“ஒரு முழம், லாத்தா. ஆனா அந்தக் கல்யாணப் பந்திக்கு.”

“அந்தப் பந்தியில நானும் சிரிச்சேன்” என்றார். “அந்தச் சேலைய யாருக்கும் குடுத்துராத.”

இத்தா முடிந்து மாசிக் கடைசியில் கரண்டு நிறுத்திய நாளில் லாத்தா வந்தார். தெரு முழுக்க அமைதி. கையில் பழைய பை. என் வீட்டுக்காரர் வெளிர் நீலச் சேலையை மடியில் விரித்து, ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். விட்டுப்போன இழையை ஊசியால் ஒன்று விட்டு ஒன்று வாங்கிக் கோட்டை அடைத்துவிடலாம், பொறுமை இருந்தால். விற்கிற சேலைக்கு அவர் ஒரு நாளும் அதைச் செய்தவர் இல்லை.

“வேணாம் தம்பி” என்றார் லாத்தா. “அது இருக்கட்டும்.”

“கோடு தெரியுதுல்லக்கா.”

“தெரியட்டும்.”

வீட்டுக்காரர் ஊசியைக் குத்திவைத்துவிட்டுச் சேலையை மடித்துக் கொடுத்தார். லாத்தா அதை வாங்கிக் கோடு போகிற இடத்தை ஒரு முழத்துக்கும் விரலால் தடவினார். பிறகு ஓரத்தைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். எப்போதும் ஒரு நொடிதான் ஆகும். அன்றைக்கு விரல்கள் தேய்த்துக்கொண்டே இருந்தன.

“சுத்தப் பருத்தி” என்றார்.